பாப்பிரஸ் துண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எகிப்திலிருந்து வந்த பழைய பாப்பிரஸ் துண்டுகளை, அதாவது நாணல் நாரில் செய்த பழங்கால எழுதுதாளின் துண்டுகளை, வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ கடை அலமாரியிலோ வைத்திருக்கும் சேகரிப்பாளர்களுக்கும் பழம்பொருள் வணிகர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. பெரும்பாலும் நீங்கள் பெயரை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. ஆய்வு நூல்களில் "தனியார் சேகரிப்பு" என்ற இரண்டே சொற்களில் உங்களைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். உங்களுக்குத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. இந்த விஷயம் தமிழில் படிப்பவர்களுக்கும் தெரிய வேண்டும், தெரிந்தவர்கள் பேச வேண்டும். பேச்சு பரவினால் உங்கள் காதுக்கும் ஒரு நாள் வந்து சேரும்.

எகிப்தின் பழைய கிறிஸ்தவர்கள் எழுதிய காப்டிக் மொழி எனக்குத் தெரியாது. ஆதிக் கிறிஸ்தவத்தைப் பற்றியும், அதன் ஓரத்தில் வாழ்ந்து மறைந்த ஞானவாதக் குழுக்களைப் பற்றியும், அதாவது ரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்று நம்பிய, நாஸ்டிக் என்று அழைக்கப்படுபவர்களைப் பற்றியும், மொழிபெயர்ப்புகளிலும் ஆய்வு நூல்களிலும் வெகுநாளாகப் படித்துவரும் ஒரு வாசகன் நான். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். உங்களிடம் இருக்கும் துண்டு நகத்தளவே இருந்தாலும் சரி, அதை ஆய்வாளர்கள் படம் எடுக்க விடுங்கள். அப்புறம் அதை எகிப்துக்கே திருப்பி அனுப்புங்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதை ஒரே ஒரு புத்தகத்தின் கதையை வைத்துச் சொல்லிவிடுகிறேன். ஆய்வாளர்கள் அதைச் சாக்கோஸ் சுவடி என்பார்கள். யூதாஸ் நற்செய்தி இருக்கும் சுவடி என்றால் பலருக்கு உடனே நினைவு வரும்.

1970களின் கடைசியில், 1978 வாக்கில், எகிப்தின் மின்யா மாகாணத்தில் நைல் நதியோரக் குன்றுப் பகுதியில் ஒரு குகைக் கல்லறையிலிருந்து இது எடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். எடுத்தவர்கள் உள்ளூர் ஆட்கள். தொல்லியல் துறைக்குச் செய்தி போகவில்லை, ஒரு குறிப்புகூட எழுதப்படவில்லை. தோல் அட்டை போட்டுக் கட்டிய பாப்பிரஸ் புத்தகம் அது. பின்னாளில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் கதிரியக்கக் கரிமச் சோதனை செய்தபோது, பாப்பிரஸும் தோலும் கி.பி. 220க்கும் 340க்கும் இடைப்பட்டவை என்று தெரிந்தது. அதாவது, ஏறக்குறைய 1700 வருடம் அந்த வறண்ட குகை இந்தப் புத்தகத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது. அதற்குப் பிறகு வந்த இருபத்துச் சொச்சம் வருடங்களில் மனிதக் கைகள் அதைத் தூளாக்கிவிட்டன.

முதலில் அது கெய்ரோ வணிகர் ஒருவரிடம் போனது. அவரிடமிருந்து திருட்டுப்போய், ஐரோப்பாவில் மீட்கப்பட்டது. 1983 மே மாதம் ஜெனீவாவில் ஓர் ஓட்டல் அறையில் அதை விலை பேசினார்கள். வாங்க வந்த அமெரிக்க ஆய்வாளர்களில் ஸ்டீஃபன் எம்மெல் ஒருவர். அப்போது அவர் ஆராய்ச்சி மாணவர். இன்று காப்டிக் ஆய்வில் பெரிய பெயர். எகிப்தில் முன்பு கிடைத்த நாக் ஹம்மாதி என்ற ஞானவாதச் சுவடித் தொகுப்பை உலகத்துக்குக் கொண்டுவந்த ஆய்வாளர் ஜேம்ஸ் ராபின்சன் சொல்லித்தான் அவர் போயிருந்தார். மூன்று அட்டைப்பெட்டிகளில் செய்தித்தாள் சுற்றிய பாப்பிரஸ் ஏடுகள். படம் எடுக்கக் கூடாது என்றார்கள், நிதானமாகப் பார்க்க நேரமும் தரவில்லை. கிடைத்த கொஞ்ச நேரத்தில் பேதுரு பிலிப்புக்கு எழுதிய மடலையும் யாக்கோபு பெயரிலான வெளிப்பாட்டையும் அவர் அடையாளம் கண்டார். இயேசுவும் சீடர்களும் பேசும் இன்னொரு உரையில் யூதாஸ் என்ற பெயரையும் பார்த்தார். அது இன்னொரு சீடரான தோமாவைக் குறிக்கும் யூதாஸ் தோமாவாக இருக்கும் என்றுதான் அப்போது அவர் நினைத்தார். வணிகர் கேட்ட விலை 30 லட்சம் டாலர். வந்தவர்கள் கையில் இருந்தது 50 ஆயிரம் டாலர் அளவுக்குத்தான். பேச்சு முறிந்தது. நாக் ஹம்மாதி சுவடிகள் ஒவ்வொன்றுக்கும் நிகரான மதிப்பு இதற்கு உண்டு என்று எம்மெல் அறிக்கை எழுதினார். எழுதி என்ன பயன்? புத்தகம் அவர்கள் கண்ணைவிட்டு மறைந்துவிட்டது.

அது எங்கே போனது என்று படித்தபோது மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஹிக்ஸ்வில் என்ற ஊர். அங்கே ஒரு வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் 1984இலிருந்து 2000 வரை, பதினாறு வருடம் அது கிடந்தது. பாப்பிரஸுக்குப் பாலைவனத்தின் வறட்சி நல்லது. லாங் ஐலண்டின் ஈரக்காற்றும் கோடை வெக்கையும் மாறி மாறி வந்தால் நார் நாராகப் பிரிந்துவிடும். நல்ல விலை வரும்வரை பெட்டியில் இருக்கட்டும் என்று அதை வைத்தவர் நினைத்திருக்கலாம். உங்களில் சிலரும் இப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெட்டகம் திருடனிடமிருந்து காப்பாற்றும். ஈரத்திடமிருந்து காப்பாற்றாது.

2000இல் சூரிச் வணிகர் ஃப்ரீடா நுஸ்பெர்கர் சாக்கோஸ் அதை வாங்கினார். சுவடிக்கு வைத்த பெயர் அவருடைய தந்தையின் நினைவாக. யேல் பல்கலைக்கழக நூலகத்தில் சில மாதம் பார்வைக்கு இருந்தபோதுதான், உள்ளே இருப்பது இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் இஸ்காரியோத்தின் பெயரிலான நற்செய்தி என்று பென்ட்லி லேட்டன் கண்டுபிடித்தார். வந்த வழி தெளிவாக இல்லாததால் யேல் அதை வாங்க மறுத்துவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அடுத்து அது போன இடம் ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரத்துக் கையெழுத்துப்படி வணிகர் புரூஸ் ஃபெரினியின் கை. 25 லட்சம் டாலருக்குப் பேச்சு. சுவடியை ஃப்ரீசரில் வைத்தார்கள். நாருக்குள் இருந்த ஈரம் உறைந்து, பிறகு இளகி, ஏடு கருத்து, இன்னும் நொறுங்கிப்போனது. பேசிய பணம் வரவில்லை. 2001இல் சுவடி சாக்கோஸிடம் திரும்பிப் போனது. முழுதாகத் திரும்பவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அப்புறம் அது பாசல் நகரத்து மைசீனஸ் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. ஜெனீவாவின் காப்டிக் அறிஞர் ரோடோல்ஃப் காசரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல், பார்க்கின்சன் நோய் வேறு. அரை நூற்றாண்டு பாப்பிரஸ் பார்த்த அவரே இவ்வளவு மோசமான நிலையில் ஒன்றைக் கண்டதில்லை என்றார். ஏறக்குறைய எல்லா ஏடுகளும் குறுக்கே முறிந்திருந்தன. பக்க எண் மேல்துண்டில்தான் இருக்கும், கீழ்த்துண்டில் எண் கிடையாது. இடையில் யாரோ ஏடுகளின் வரிசையையும் கலைத்திருந்தார்கள். இவை போக, ஏறக்குறைய ஆயிரம் சின்னத் துண்டுகள். நியோன் ஊரின் பாதுகாப்பு வல்லுநர் ஃப்ளோரன்ஸ் டார்ப்ரும், ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரகோர் வுர்ஸ்டும் காசரும் பல வருடம் உட்கார்ந்து அவற்றைப் பொருத்தினார்கள். பாப்பிரஸில் ஒரு பக்கம் நார் கிடையாக ஓடும், மறுபக்கம் செங்குத்தாக. ஒரு துண்டு சரியான இடத்தில் உட்கார்ந்ததா என்று பார்க்க, இரண்டு பக்கத்து நாரும் பொருந்த வேண்டும், இரண்டு பக்கத்து எழுத்தும் பொருள் தர வேண்டும், விளிம்பும் சேர வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக, ஆயிரம் துண்டுக்கு. அந்த உழைப்பை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

2006 ஏப்ரலில் நேஷனல் ஜியாகிரபிக் சங்கம் உலகத்துக்கு அறிவித்தது. தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் சில வாரம் யூதாஸைப் பற்றியே பேசின. யூதாஸ் நல்லவனா கெட்டவனா என்று பெரிய சண்டை. அந்தச் சண்டைக்குள் நான் இங்கே போகவில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

இந்த நூல் இருந்தது என்று லியோன் நகர ஆயர் இரனேயு கி.பி. 180 வாக்கிலேயே எழுதியிருக்கிறார். அதைத் திட்டித்தான் எழுதினார். ஆனால் அந்த ஒரு திட்டு இல்லையென்றால் பெயர்கூட மிஞ்சியிருக்காது. மூலம் கிரேக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அது போய்விட்டது. மிஞ்சியது இந்த ஒரே காப்டிக் படி. சாக்கோஸ் சுவடியில் இருக்கும் மற்ற இரண்டு உரைகளுக்கு, யாக்கோபுக்கும் பேதுருவின் மடலுக்கும், நாக் ஹம்மாதியில் வேறு படிகள் உண்டு. ஒன்றில் கிழிந்ததை இன்னொன்றில் பார்த்துக்கொள்ளலாம். யூதாஸ் நற்செய்திக்கு அந்த வசதி இல்லை. உலகத்தில் ஒரே படி. அதில் ஒரு வரி போனால் அந்த வரி மனிதகுலத்திடமிருந்தே போய்விட்டது என்று அர்த்தம். யாராவது ஒருவரின் மேசை இழுப்பறையில் அது இருந்தால் ஒழிய.

அந்த நூலின் மொழிபெயர்ப்பை நீங்கள் ஒருதரம் திறந்து பார்க்க வேண்டும். சீடர்கள் ரொட்டியை வைத்து நன்றி செலுத்தி மன்றாடும்போது இயேசு சிரிக்கிறார். அவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். உங்களில் வலிமையுள்ளவர் எழுந்து என் முன் நில்லுங்கள் என்கிறார். யூதாஸ் ஒருவன்தான் நிற்கிறான், அவனாலும் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. நீங்கள் பார்பெலோ என்ற அழிவில்லா உலகத்திலிருந்து வந்தவர் என்று சொல்கிறான். பிறகு சீடர்கள் தாங்கள் கண்ட காட்சியைச் சொல்கிறார்கள். பெரிய கோவில், பலிபீடம், பலியிடும் குருக்கள். அந்தக் குருக்கள் நீங்கள்தான் என்கிறார் இயேசு. ஆதித் திருச்சபைக்குள் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் மீது வைத்த குற்றச்சாட்டு எவ்வளவு சூடானது என்பதை இதைவிட நேராகச் சொல்லும் பக்கம் நான் படித்ததில்லை. கதை இப்படி உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் பக்கத்தில் சதுர அடைப்புக்குறி வந்து நிற்கும். உள்ளே புள்ளிகள். சில இடத்தில் "இரண்டு வரிகள் இல்லை" என்று குறிப்பு. சில இடத்தில் இன்னும் அதிகம். முதல் பதிப்பைப் படித்தபோது அந்த அடைப்புக்குறிகள் எல்லாம் காலம் அரித்த இடங்கள் என்றுதான் எந்த வாசகரும் நினைத்திருப்பார்கள்.

காலம் அரித்தது கொஞ்சம்தான். ஃபெரினி திவாலாகி நீதிமன்றத்தில் நின்றபோது, அவரிடம் இன்னும் துண்டுகள் இருந்தது வெளியே வந்தது. மார்வின் மேயரும் வுர்ஸ்டும் ஹெர்பர்ட் க்ரோஸ்னியும் அவற்றைப் பற்றி 2010இல் முதல் அறிக்கை வெளியிட்டார்கள். உலகமே சில வாரம் பேசிய ஒரு நூல். அதன் பகுதிகள் ஒஹாயோவில் கிடந்திருக்கின்றன. அவை சேர்ந்த பிறகு யூதாஸ் நற்செய்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் படிக்க முடிகிறது.

அந்தத் துண்டுகளால் என்ன மாறியது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். நூலின் முடிவுக்குச் சற்று முன்னால், 57ஆம் பக்கத்தில், யூதாஸ் தலை நிமிர்ந்து ஒளிமேகத்தைப் பார்க்கிறான். அடுத்து, "அவர் அதற்குள் நுழைந்தார்" என்று வரும். யார் நுழைந்தது? யூதாஸா, இயேசுவா? யூதாஸ் என்றால் அவன் மீட்படைந்தவன், நூல் அவனைக் கொண்டாடுகிறது. இயேசு என்றால் யூதாஸ் கீழே தனியாக நிற்கிறான், அவன் கதை வேறு. 2006இல் யூதாஸ்தான் நுழைந்தான் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள், அதை வைத்து எவ்வளவோ எழுதினார்கள். புதிய துண்டுகள் சேர்ந்ததும் அடுத்த பக்கத்தின் தலைப்பகுதி கொஞ்சம் நிரம்பியது. அங்கே, யூதாஸ் அதற்குமேல் இயேசுவைப் பார்க்கவில்லை என்ற பொருளில் வருகிறது. மேகத்துக்குள் போனவர் இயேசுவே என்று சொல்லிவந்தவர்கள் பக்கம் பலம் கூடியது. ஒரு நூலின் மையக் கதாபாத்திரம் கடைசியில் எங்கே நிற்கிறது என்ற கேள்வி, ஒரு வணிகர் கொடுக்காமல் வைத்திருந்த சில துண்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். சாக்கோஸ் சுவடியில் நான்காவதாக ஒரு நூல் உண்டு. அல்லோகெனஸ், அதாவது வேற்றினத்தான், என்பவனைப் பற்றியது. அவன் தாபோர் மலையில் ஏறி ஜெபிக்கிறான், சாத்தான் வந்து உலகப் பொருளைக் காட்டி இழுக்கிறான், இவன் மறுக்கிறான். அழகான தொடக்கம். ஆனால் போகப்போக ஏடு நொறுங்கி, 66ஆம் பக்கத்தோடு தொடர்ச்சி அற்றுவிடுகிறது. பிறகு துண்டுகளுக்கு நடுவில் 108 என்ற பக்க எண்ணுள்ள ஒன்று கிடைத்தது. ஹெர்மெஸ் என்ற ஞானியின் பெயரிலான பழைய உரைத்தொகுப்பின் 13ஆம் பகுதியைச் சேர்ந்த காப்டிக் வரிகளும் கிடைத்தன. அப்படியென்றால் புத்தகம் 66இல் முடியவில்லை. குறைந்தது 42 பக்கம் இன்னும் இருந்திருக்கிறது. ஐந்தாவதாக ஒரு நூல் இருந்திருக்கிறது, அதற்கு மேலும் இருந்திருக்கலாம். எல்லாம் நொறுங்கிப் போனதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிக்கும்படியான ஏட்டை வணிகர்கள் தூக்கிப் போடுவதில்லை. யாரோ வாங்கியிருக்கிறார்கள். அந்த யாரோ உங்களில் ஒருவராக இருக்கலாம். என்ன வாங்கினோம் என்று உங்களுக்கே தெரியாமலும் இருக்கலாம்.

சரி, புத்தகம் ஒன்று மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. அந்தக் கல்லறையில் நான்கு சுவடிகள் ஒன்றாகக் கிடைத்தன என்கிறார்கள். இந்த ஞானவாத நூல், காப்டிக்கில் பவுலின் மடல்கள், கிரேக்கத்தில் யாத்திராகமம், கிரேக்கத்தில் ஒரு கணக்குப் புத்தகம். கணக்குப் புத்தகம் என்றால் பரப்பளவு, கன அளவு, நிறுத்தலளவை மாற்றங்கள், ஒப்பந்தப் பத்திரங்களுக்கான மாதிரிகள். தொழில் பழகும் மாணவர்களுக்கானது. ஆனாலும் அந்த ஏடுகளைப் பல கைகளுக்குப் பிரித்து விற்றுவிட்டார்கள். ஒரு பகுதி ஒரு சேகரிப்பாளர் வழியாகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனது, இன்னொரு பகுதி பெயர் சொல்லாத தனியாரிடம். அந்த இருவரும் ஒத்துழைத்ததால்தான் ரோஜர் பாக்னலும் அலெக்சாண்டர் ஜோன்ஸும் 2019இல் முழுப் பதிப்பு கொண்டுவர முடிந்தது. இதை உங்கள் தரப்புக்கு ஆதரவாகவே சொல்கிறேன். கையில் வைத்திருப்பவர் மனது வைத்தால் நடக்கும்.

ஆனால் நான்கு புத்தகமும் ஏன் ஒன்றாக இருந்தன? பவுலையும் படித்து, யூதாஸ் நற்செய்தியையும் படித்து, நிலத்தின் பரப்பளவும் கணக்குப் போட்ட ஒரு மனிதர் யார்? ஆசிரியரா, நில அதிகாரியா, துறவியா? கல்லறை அவருடையதா? இந்தக் கேள்விகளுக்கு இனிமேல் யாராலும் பதில் சொல்ல முடியாது. தோண்டிய இடத்தில் ஒரு தொல்லியலாளர் நின்று, எது எதன் பக்கத்தில் இருந்தது என்று எழுதியிருந்தால் போதும். நாக் ஹம்மாதியின் 7ஆம் சுவடியின் அட்டைக்குள் ஒட்டியிருந்த கழிவுத் தாள்களில் 341, 346, 348 என்று வருடங்கள் எழுதிய பத்திரங்கள் கிடைத்தன. அவற்றை வைத்துத்தான் அந்தச் சுவடி எப்போது கட்டப்பட்டது என்று சொல்கிறார்கள். குப்பை என்று நினைப்பதும் சேதி சொல்லும். பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு சூழலை எறிந்துவிட்டால், எடுத்த பொருளின் பாதி அங்கேயே போய்விடுகிறது.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குப் புரியாமல் இல்லை.

காசு கொடுத்து வாங்கினோம் என்பீர்கள். வாங்கியிருப்பீர்கள். ஆனால் எகிப்தில் 1951ஆம் வருடச் சட்டப்படியே அனுமதி இல்லாமல் பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. 1983ஆம் வருட 117ஆம் எண் சட்டம் வணிகத்தையே நிறுத்திவிட்டது. 1978 வாக்கில் குகையிலிருந்து எடுத்து, ரகசியமாக விமானம் ஏற்றிய ஒன்றுக்கு எந்தக் கடைக்காரர் ரசீது கொடுத்தாலும் அவரிடம் இல்லாத உரிமையை அவர் விற்க முடியாது. இதைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்களையும் ஒருவர் ஏமாற்றியிருக்கிறார்.

நாங்கள் வாங்காவிட்டால் அழிந்திருக்கும் என்பீர்கள். சாக்கோஸ் சுவடியின் கதை அதற்கு நேர் எதிர். வாங்க ஆள் இருக்கிறார்கள் என்பதால்தான் அது தோண்டப்பட்டது, ஒளித்துவைக்கப்பட்டது, பிய்க்கப்பட்டது. ஒரு புத்தகமாக விற்றால் ஒரு விலை, ஏடு ஏடாக விற்றால் பல மடங்கு. இந்தக் கணக்கு உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஏடு ஏடாக வாங்க ஆள் இல்லையென்றால் பிய்க்கவும் ஆள் இருக்க மாட்டார்கள்.

எகிப்தில் பாதுகாப்பு இருக்குமா என்று சிலர் கேட்பீர்கள். 1945இல் கிடைத்த நாக் ஹம்மாதி சுவடிகள் பழைய கெய்ரோவின் காப்டிக் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. 1972இலிருந்து 1984 வரை அவற்றின் ஒவ்வொரு பக்கமும் நிழற்படப் பதிப்பாக வெளிவந்தது. இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தச் சுவடிகளில் ஒன்று வெளிநாட்டுக்குப் போய், 1952இல் சூரிச்சில் உளவியலாளர் யுங் பெயரிலான நிறுவனத்துக்காக வாங்கப்பட்டது. உரை பதிப்பான பிறகு ஏடுகள் கெய்ரோவுக்குத் திரும்பிப் போய், மற்றவற்றோடு சேர்ந்தன. யாரும் எதையும் இழக்கவில்லை. ஹிக்ஸ்வில் பெட்டகத்திலும் ஆக்ரன் ஃப்ரீசரிலும் நடந்ததை வைத்துப் பார்த்தால், பாதுகாப்பு பற்றிய கேள்வியை எகிப்து உங்களிடம் கேட்டால் நியாயமாக இருக்கும்.

சாக்கோஸ் சுவடியைப் பற்றியும் 2006 அறிவிப்பின்போதே அது காப்டிக் அருங்காட்சியகத்துக்குப் போகும் என்று வாக்குக் கொடுத்தார்கள். தாய்ப்புத்தகத்துக்கு அதுதான் வீடு என்றால் அதன் துண்டுகளுக்கும் அதுதான்.

இன்னொன்று. மூலம் தெரியாத துண்டுகள் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கும் வரை போலிகளுக்கும் நல்ல காலம். 2012இல் ரோமில் நடந்த காப்டிக் மாநாட்டில், இயேசு "என் மனைவி" என்று சொல்வதாக ஒரு சின்னத் துண்டை ஹார்வர்ட் பேராசிரியர் கேரன் கிங் அறிவித்தார். பாப்பிரஸ் பழையதுதான். எழுத்துதான் புதுசு. இணையத்தில் கிடைக்கும் தோமா நற்செய்திப் பதிப்பிலிருந்து வரிகளை எடுத்துக் கோத்திருந்தார்கள், அந்தப் பதிப்பில் இருந்த அச்சுப்பிழை உட்பட. 2016இல் துண்டின் உரிமையாளர் சொன்ன வரலாறு பத்திரிகை விசாரணையில் உடைந்த பிறகு, போலியாகவே இருக்கும் என்று கிங்கும் ஒப்புக்கொண்டார். நாலு வருடம் உண்மையான ஆய்வு செய்ய வேண்டியவர்களின் நேரம் அதில் போனது. ஒரு பாப்பிரஸ் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் விற்பதும் வாங்குவதும் வழக்கமாக இருந்ததால்தான் அப்படி ஒன்று அவ்வளவு தூரம் போக முடிந்தது. உங்களிடம் இருப்பது அசலாக இருந்தால், அந்த அசலின் மதிப்பையும் இந்த மௌனம்தான் குறைக்கிறது.

கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வாஷிங்டனில் இருக்கும் பைபிள் அருங்காட்சியகம், அமெரிக்காவின் பெரிய பணக்காரக் குடும்பம் ஒன்றின் சேகரிப்பு, 2021 ஜனவரியில் ஏறக்குறைய 5000 பொருட்களை எகிப்துக்குத் திருப்பி அனுப்பியது. பெரும்பகுதி பாப்பிரஸ். வந்த வழியை நிரூபிக்க முடியாததால் கொடுத்தார்கள். பல கோடி செலவழித்து வாங்கியவர்களாலேயே முடிந்தது.

பெயர் வெளியே வந்தால் வழக்கு வருமோ என்ற பயம் இருக்கும். வழக்கறிஞர் வழியாகக் கொடுக்கலாம். பாப்பிரஸ் ஆய்வு நடக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் வழியாகவோ எகிப்துத் தூதரகத்தின் வழியாகவோ கொடுக்கலாம். உங்கள் பெயர் எங்களுக்கு வேண்டாம். பக்கம்தான் வேண்டும். பெரியவர் ஒருவர் சேர்த்துவைத்துப் போன பெட்டி இப்போது பிள்ளைகள் கையில் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளிடமும் கேட்கிறேன். அதை ஏலக் கடைக்கு எடுத்துப் போவதற்கு முன்னால் ஒரு ஆய்வாளருக்குக் காட்டுங்கள். காப்டிக்கும் கிரேக்கமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். என்ன மொழி என்று தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, பார்த்தவுடன் சொல்வார்கள்.

அதுவரை தயவுசெய்து சில விஷயங்களைச் செய்யாதீர்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். ஒட்டுநாடா போட வேண்டாம், பிளாஸ்டிக் உறைக்குள் சூடாக்கி ஒட்ட வேண்டாம், மடிந்திருந்தால் நீங்களாக நீவிவிட வேண்டாம். இருக்கிறபடி சமமான, வறண்ட இடத்தில், வெயில் படாமல் வைத்திருங்கள். துண்டோடு வந்த உறை, பழைய ரசீது, கடிதம், சுற்றியிருந்த செய்தித்தாள், எதையும் தூக்கிப் போடாதீர்கள். செய்தித்தாளின் தேதியே அது எப்போது கைமாறியது என்று சொல்லிவிடும்.

அடுத்து, முன்னும் பின்னும் இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். படத்தில் துண்டின் அருகில் ஓர் அளவுகோலை வையுங்கள். முன்பு வெளியான சாக்கோஸ் படங்கள் அளவு குறைக்கப்பட்டிருந்ததால், வெளியில் இருந்த அறிஞர்கள் வாசிப்பைச் சரிபார்க்கத் திணறினார்கள். அந்தச் சிரமம் மறுபடியும் வர வேண்டாம். விளிம்பு முழுவதும் தெரியும்படி, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தால் அதிலிருந்து எடுத்துவிடாமல், உண்மையான அளவு தெரியும்படி அனுப்புங்கள். காப்டிக் எழுத்துள்ள துண்டின் மேல்விளிம்பில் தனியாக ஒன்றிரண்டு எழுத்து நிற்கிறதா என்று மட்டும் ஒருதரம் பாருங்கள். அது பக்க எண்ணாக இருக்கலாம். 67லிருந்து 108க்குள் இருக்கும் எந்த எண்ணாக இருந்தாலும் அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

நம்பிக்கையுடன்,
ஒரு வாசகன்